நீலம் தேய்ந்த இரும்பு

கனெக்டிகட் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூரில், ஆயுள் முழுவதும் பட்டறையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர், வீட்டின் நிலவறையில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து, வித்துவான் வீணையை இறக்கி வைக்கும் பக்குவத்தோடு, பச்சைக் கம்பளம் விரித்த மேசையின்மேல் இரண்டு ரிவால்வர்களை அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் கோல்ட் கம்பெனியின் ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ என்னும் மாதிரியைச் சேர்ந்தவை. இரண்டும் 1880-களின் தொடக்கத்தில், அங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டு நகரத்துத் தொழிற்சாலையில் உருவானவை. ஒன்று கண்ணாடிபோல் பளபளத்தது. அதன் கருநீல மேனியில் என் முகமே தெரிந்தது. மற்றொன்று சாம்பல் படிந்த அடுப்புக்கல் போல மங்கிக் கிடந்தது. உறையில் உரசி உரசிக் குழலின் நுனியில் நீலம் போய் வெள்ளிரும்பு தெரிந்தது. வால்நட் மரப்பிடியின் இடது அடிப்பாகம் மட்டும், யாரோ ஒருவருடைய உள்ளங்கை பல வருஷங்கள் பிடித்திருந்ததற்கு அடையாளமாக, வழவழவென்று தேய்ந்திருந்தது.

“இவற்றில் எது விலை அதிகம் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார் பெரியவர். நான் சொல்லத் தயங்கியதைக் கண்டு, மங்கிய துப்பாக்கியை என் பக்கம் நகர்த்தினார். “பளபளப்பாக இருக்கிறதே, அதை இருபத்தைந்து வயதில் வாங்கினேன். எவரோ புண்ணியவான் உரைசக்கரத்தில் வைத்துத் தேய்த்துப் புதிதாக நீலம் ஏற்றிவிட்டிருந்தார். எனக்கு அப்போது தெரியவில்லை. அது செத்துப்போன துப்பாக்கி. இது இன்னும் பேசுகிறது” என்றார்.

புராதன ரிவால்வர் சேகரிப்பது என்றவுடன், பணக்காரர்களின் ஆடம்பரம் என்றோ, ஆயுத மோகம் என்றோ எண்ணிக்கொள்வது எளிது. அவ்விரண்டும் அந்த உலகத்தில் இல்லாமலில்லை. ஆனால் அந்தப் பெரியவர் போன்ற சேகரிப்பாளர்களிடம் நான் கண்டது வேறொன்று. ஒரு பொருள் பட்ட பாட்டை, அதன் மேனியில் காலம் எழுதிய எழுத்தை, ஓர் எழுத்துக்கூட அழியாமல் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும் என்ற சிரத்தை அது. பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கிப் பளிச்சென்று வைத்திருப்பதைக் குடும்ப லட்சணமாகக் கருதும் நமக்கு, இந்த மனப்பான்மை முதலில் சற்று விநோதமாகத்தான் படும். மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பஞ்சலோக மூர்த்தியின் பச்சைக் களிம்பைக் கண்டபடி சுரண்டக்கூடாது என்று நம் அருங்காட்சியகத்துப் பெரியவர்கள் சொல்வதை நினைத்துக்கொண்டால், விநோதம் விலகிவிடும்.

இந்த ஆயுதத்தின் கதை, நம்மவர்களில் பலர் அறியாத விதமாக, இந்தியாவுக்கு வந்த ஒரு கப்பலில் தொடங்குகிறது. 1814-ஆம் ஆண்டு ஹார்ட்ஃபோர்டில் பிறந்த சாமுவேல் கோல்ட், பதினாறு வயதுப் பையனாக 1830-இல் ‘கார்வோ’ என்ற பாய்மரக் கப்பலில் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு மாலுமியாகப் பிரயாணம் செய்தான். அந்தப் பிரயாணத்தில், கப்பலின் சுக்கானைத் திருப்பும் சக்கரம் எந்த நிலைக்குச் சுழன்றாலும் அங்கே ஒரு பிடிப்பில் நிற்பதைக் கண்டு, குண்டுகள் நிறைந்த ஓர் உருளையும் அதேபோல் சுழன்று குழலுக்கு நேரே வந்து நிற்கலாமே என்று எண்ணி, பேனாக்கத்தியால் மரத்தில் ஒரு மாதிரியைச் செதுக்கினான் என்பது பிரசித்தமான கதை. சக்கரமல்ல, நங்கூரச் சங்கிலியைச் சுற்றும் உருளைதான் அவனுக்கு யோசனை கொடுத்தது என்பாரும் உண்டு. அதற்கு முன்பே எலிஷா காலியர் என்பவர் செய்திருந்த சுழல் துப்பாக்கிகளை இந்தியாவிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்களிடம் அவன் பார்த்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. எது எப்படியானாலும், மரத்தில் செதுக்கிய அந்த உறுப்புகள் உண்மை; அவை இன்றும் இருக்கின்றன.

ஊர் திரும்பிய இளைஞனிடம் யோசனை இருந்தது, காசு இல்லை. ஆகவே தன் பெயரின் எழுத்தைச் சற்றே மாற்றி, ‘நியூயார்க், லண்டன், கல்கத்தா நகரங்களின் டாக்டர் கூல்ட்’ என்று விளம்பரம் செய்துகொண்டு, ஊர் ஊராகச் சென்று, நைட்ரஸ் ஆக்சைடு என்னும் சிரிப்பு வாயுவைச் சபையோருக்கு முகரக் கொடுத்துக் காட்சி நடத்தினான். அந்த வசூலைக்கொண்டு துப்பாக்கிக் கொல்லர்களுக்குக் கூலி கொடுத்து மாதிரிகள் செய்வித்து, 1836 பிப்ரவரி 25-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றான். நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் தொடங்கிய தொழிற்சாலை 1842-இல் நொடித்துப்போயிற்று. எல்லாம் முடிந்துவிட்டது என்றிருந்த நிலையில் மெக்சிகோவுடன் யுத்தம் மூண்டது. டெக்சஸ் ரேஞ்சர் படைத் தலைவர்களில் ஒருவரான சாமுவேல் வாக்கர், ஆறு குண்டு போடும் பெரிய ரிவால்வர் வேண்டும் என்று கேட்டார். கோல்ட்டுக்குச் சொந்தத் தொழிற்சாலை இல்லாததால், எலி விட்னி என்பவரின் மகன் நடத்திய பட்டறையில் 1847-இல் அரசாங்கத்துக்கு 1,000-மும் தனியாருக்கு 100-ம் ஆக 1,100 துப்பாக்கிகள் தயாராயின. ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் கனம். தமக்கென்று வந்த ஜோடியைப் பெற்றுக்கொண்ட வாக்கர், அதே ஆண்டு அக்டோபரில் மெக்சிகோவில் நடந்த சண்டையில் மாண்டுபோனார்.

அந்த வாக்கர் துப்பாக்கியின் உருளையைச் சற்றே உற்றுப் பார்க்க வேண்டும். அதைச் சுற்றி வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞர் உருவாக்கிய ஒரு காட்சி உருட்டிப் பதிக்கப்பட்டிருக்கிறது: குதிரைமேல் விரையும் ரேஞ்சர்கள், அவர்களுக்கு முன்னே சாயும் செவ்விந்தியர்கள். 1844-இல், தொகையில் தங்களைவிடப் பன்மடங்கு பெருகிய கமாஞ்சிப் பழங்குடியினரை, கோல்ட்டின் முதல் ரிவால்வர்களைக் கொண்டு ரேஞ்சர்கள் முறியடித்த சண்டையின் ஞாபகச் சித்திரம் அது. அம்பறாத்தூணியிலிருந்து அம்பை எடுத்து நாணேற்றும் நேரத்தில் ஒரே கையால் ஐந்து முறை சுடக்கூடிய கருவி வந்தபின், அந்தச் சமவெளியை ஆண்ட வில்லாளிகளின் காலம் முடிந்தது. ஒரு ஜனசமூகம் தன் நிலத்தை இழந்த கதையை, அதை இழக்கச் செய்த கருவியின் மேலேயே அலங்காரமாகப் பொறித்து விற்றார்கள். இந்தச் சித்திரம் தேயாமல் இருக்கும் உருளைக்கு இன்று சேகரிப்பாளர்கள் பெருந்தொகை தருகிறார்கள். அது தேயாமல் இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதைக் கையில் எடுப்பவன் பூவேலையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வைத்துவிடக் கூடாது.

இனி, அந்த நிலவறை மேசைக்கே திரும்புவோம். வெடிமருந்தையும் குண்டையும் முன்பக்கமாகத் தனித்தனியே இடித்துச் செலுத்திய காலம் போய், பித்தளைக் கூட்டில் அடைத்த முழுத் தோட்டாவைப் பின்பக்கமாக நுழைக்கும் காலம் வந்தபோது, கோல்ட் கம்பெனி அதில் சேர வழியில்லாமல் தவித்தது. ஏனெனில் உருளையை முன்னும் பின்னும் திறப்பாகத் துளைக்கும் உரிமை 1855-இல் ரோலின் வைட் என்பவர் பெயரில் பதிவாகி, ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. அந்த உரிமை 1869-இல் காலாவதியாயிற்று. சாமுவேல் கோல்ட் அதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1862 ஜனவரியில் இறந்துவிட்டார். 1864-இல் தொழிற்சாலையின் பெரும்பகுதி தீக்கிரையாகி, அவருடைய மனைவி எலிசபெத் அதை மீண்டும் எழுப்பியிருந்தார். அந்தப் புதிய தொழிற்சாலையில் வில்லியம் மேசன் என்ற நிபுணர் வகுத்த மாதிரியை 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்று, முதல் தவணையாக 8,000 துப்பாக்கிகளுக்கு உத்தரவு கொடுத்தது. ‘பீஸ்மேக்கர்’, அதாவது சமாதானம் செய்பவன், என்று பின்னர் வியாபாரப் பெயர் பெற்றது இதுதான். 1940 வரையில் ஏறத்தாழ 3,57,000 துப்பாக்கிகள் வெளிவந்தன. சேகரிப்பாளர்கள் ‘முதல் தலைமுறை’ என்று சொல்லுவது இவற்றைத்தான். 1956-இல் கம்பெனி மறுபடி செய்யத் தொடங்கியது இரண்டாம் தலைமுறை. அதற்குக் காரணம் ராணுவமல்ல, தொலைக்காட்சியில் வந்த கௌபாய் கதைகள்.

பெரியவர் மங்கிய துப்பாக்கியை எடுத்தார். ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ என்றால், விசையை இழுத்தால் மட்டும் அது சுடாது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும், அந்த இழுப்பில்தான் உருளை ஓர் அறை சுழலும், விசைக்கு உள்ள ஒரே வேலை நிறுத்திய சுத்தியலை விடுவிப்பது. அவர் சுத்தியலை நிதானமாக இழுத்தார். நிசப்தமான அந்த அறையில் நான்கு ஓசைகள் கேட்டன. முதலாவது, பாதுகாப்புக்காக வெட்டிய பள்ளம். இரண்டாவது, பாதி இழுத்த நிலை. அதில் உருளை தடையின்றிச் சுற்றும், வலப்பக்கத்துச் சிறு கதவைத் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக நுழைக்கலாம், சுட்டுமுடித்த கூடுகளைக் குழலுக்கடியிலுள்ள கோலால் ஒவ்வொன்றாகத் தள்ளி வெளியேற்றலாம். மூன்றாவது, உருளையை அசையாமல் பூட்டும் தாழ் அதன் பள்ளத்தில் விழும் ஓசை. நான்காவது, முழு இழுப்பு. கோல்ட் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. இந்த நான்கு ஓசையும் அந்த நான்கு எழுத்தைத்தான் உச்சரிக்கின்றன என்பது அந்த ஊர்க்காரர்களின் பழைய பேச்சு. உள்ளே பட்டை வில் உடைந்தோ, பள்ளத்தின் விளிம்பு மழுங்கியோ போயிருந்தால் நான்கு ஓசையும் சுத்தமாக வராது. ஆகையால் அனுபவசாலிகள், கண்ணால் பார்ப்பதற்கு முன், காதால்தான் பரீட்சை செய்கிறார்கள்.

அந்த முதல் பள்ளத்தைப் பாதுகாப்பு என்று சொன்னேனே, அதை நம்பியவர்கள் பலர் காலில் குண்டு பட்டுக்கொண்டார்கள். சுத்தியலின் நுனியிலேயே ஊசி இருப்பதால், கீழே விழுந்து சுத்தியல்மேல் அடிபட்டால் அந்தச் சிறு பள்ளம் உடைந்து துப்பாக்கி வெடித்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறைகளிலும் தோட்டா இடமாட்டார்கள். ஒன்று இட்டு, ஒன்றை விட்டு, அடுத்த நான்கையும் இட்டு, சுத்தியலை முழுக்க இழுத்து மெதுவாக இறக்கினால், அது காலியான அறையின்மேல் வந்து உட்காரும். சினிமாவில் கதாநாயகன் ஆறு முறை, சில சமயம் அறுபது முறை, சுடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அசல் ஆசாமிகள் ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது புதிய செய்தி. ஜெய்சங்கர் குதிரையேறி வந்த ‘கங்கா’வையும் ‘ஜக்கம்மா’வையும் 1972-இல் கொட்டகையில் பார்த்தவர்களுக்கும், சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரின் சாகசங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கும், இந்தத் துப்பாக்கியின் உருவம் சொந்தக்காரர் முகம்போலப் பரிச்சயமானது. அந்தப் பரிச்சயந்தான் என்னையும் ஒருநாள் அந்த நிலவறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

சேகரிப்பாளர் ஒரு துப்பாக்கியைப் பரிசோதிக்கும் முறை, வைத்தியர் நாடி பார்ப்பதை ஒத்தது. முதலில் அவர் பார்ப்பது திருகாணிகளின் தலையைத்தான். பொருந்தாத திருப்புளியை வைத்து எவராவது திருகியிருந்தால், அந்தச் சிறு பிளவின் ஓரங்கள் சிதைந்திருக்கும். உள்ளே எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்து விளிம்புகள். தொழிற்சாலையிலிருந்து வந்த துப்பாக்கியில் இரும்பின் ஓரம் கத்திபோல் கூர்மையாக இருக்கும்; உரைசக்கரத்தில் வைத்தால் ஓரம் உருண்டுவிடும், திருகாணித் துளையைச் சுற்றிக் குழி விழுந்துவிடும், குழலின்மேல் பொறித்த கம்பெனி முகவரியும், துப்பாக்கியின் உடற்சட்டத்தின் இடப்பக்கத்தில் உள்ள 1871, 1872, 1875 என்னும் காப்புரிமைத் தேதிகளும் மெலிந்து மங்கிவிடும். அப்புறம் வரிசை எண். சட்டத்திலும், விசைக் காப்பிலும், பிடியின் பின்புறத்திலுமாக மூன்று இடங்களில் அந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியாக நிறம். எலும்புக் கரியும் தோல் கரியும் நிறைந்த பெட்டியில் சட்டத்தைப் புதைத்துக் காய்ச்சித் தண்ணீரில் சட்டென்று தோய்க்கும்போது, அதன் மேனியில் நீலமும் பழுப்பும் வைக்கோல் நிறமும் கலந்து மேகம்போலப் படரும். வெயிலும் கை வியர்வையும் பட்டால் அந்த மேகம் கலைந்து சாம்பலாகிவிடும். சுத்தியலின் இடுக்கிலும், தோட்டாக் கதவின் மறைவிலும், பிடிக்கு அடியிலும் மட்டும் கொஞ்சம் ஒளிந்திருக்கும். பெரியவர் ஒரு சிறு விளக்கைப் பிடித்து, கதவைத் திறந்து, அந்த ஒளிந்திருந்த நீலத்தை எனக்குக் காட்டினார். மயில் கழுத்தில் ஓர் இறகை மட்டும் பிடுங்கி ஒட்டியதுபோல் அது மின்னிற்று.

அசல் எது, திருத்தியது எது என்ற கேள்வியில் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்பதற்கு ராணுவமே ஓர் உதாரணம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. குதிரைப்படைக்காக ஏழரை அங்குலக் குழலோடு செய்த துப்பாக்கிகளை 1890-களில் அரசாங்கம் திரும்ப வாங்கி, குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டி, உறுப்புகளைக் கழற்றிக் கலந்து பூட்டி, 1898-இல் ஸ்பெயினோடு நடந்த யுத்தத்துக்கும் அதன்பின் பிலிப்பைன்ஸுக்கும் அனுப்பிற்று. சேகரிப்பாளர்கள் ‘ஆர்ட்டிலரி’ என்று அழைக்கும் அந்தத் துப்பாக்கிகளில் மூன்று எண்ணும் மூன்றாக இருக்கும். ஆனாலும் அவை அசலே. ஏனெனில் மாற்றியதும் சரித்திரம். அப்படிப்பட்ட ஒன்றை வாங்கி, ஒரே எண்ணுள்ள உறுப்புகளைத் தேடிப் பொருத்தி, நீளக் குழல் மாட்டி, ‘பழைய நிலைக்கு’க் கொண்டுவருகிறேன் என்று புறப்படுபவன், நல்லெண்ணத்தோடு ஓர் ஆவணத்தைக் கிழிக்கிறான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நல்லெண்ணம் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1876 ஜூன் 25-ஆம் தேதி, மாண்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், லகோட்டா, ஷையன் பழங்குடி வீரர்கள், அமெரிக்கப் படை அதிகாரி ஜார்ஜ் கஸ்டரையும் அவரோடு நின்ற 7-ஆம் குதிரைப்படைப் பிரிவையும் ஒருவர் மிச்சமில்லாமல் அழித்தார்கள். அந்தப் படையினர் வைத்திருந்தவை, ஓ. டபிள்யூ. ஏன்ஸ்வொர்த் என்ற பரிசோதகரின் முதலெழுத்துகள் பொறித்த ஆரம்பகாலத் துப்பாக்கிகள். மூன்று சிறு எழுத்தும், சட்டத்தில் ‘யு.எஸ்.’ என்ற முத்திரையும் ஒரு சாதாரணத் துப்பாக்கியின் விலையைப் பல மடங்காக்கிவிடும் என்றால், அவற்றைப் பொய்யாகப் பொறிக்கும் கைகளுக்குப் பஞ்சமிருக்குமா? இந்தப் பொய்களை அடையாளம் காண்பதற்கென்றே ஜான் கோப்பெக் என்ற ஆராய்ச்சியாளர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். வேறு இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய பெரும் நூல், சேகரிப்பாளர்களின் மேசையில் பஞ்சாங்கம்போல் கிடக்கிறது. போர்க்களமும் தன் பங்குக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது: 1983-இல் அங்கே புல்வெளி தீப்பற்றி எரிந்து தரை வெளிப்பட்டபின், அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் அங்குலம் அங்குலமாகத் தேடி, தோட்டாக்கூடுகளையும் ஈயக் குண்டுகளையும் அவை கிடந்த இடத்தோடு குறித்து, யார் எங்கே நின்று சுட்டார்கள் என்று கணக்கெடுத்தார்கள்.

பேப்பர் சாட்சியம் இன்னொன்று. கோல்ட் கம்பெனி தன் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய துப்பாக்கிகளைப் பேரேட்டில் குறித்துவைத்தது. அவற்றில் பெரும்பாலானவை பிழைத்திருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், அந்தத் துப்பாக்கி எந்தத் தேதியில், எவ்வளவு நீளக் குழலோடு, எந்த மெருகோடு, எந்த வியாபாரிக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு கடிதம் வரும். பெரியவருடைய துப்பாக்கியோடும் அப்படி ஒரு கடிதம் இருந்தது. டாட்ஜ் நகரத்தில் சட்டம் காத்துப் பேர்பெற்ற பேட் மாஸ்டர்சன், 1885 ஜூலை 24-இல் ஒரு சாராயக்கடையின் முகவரித்தாளில் கம்பெனிக்கு எழுதிய கடிதமும் பிழைத்திருக்கிறது. நிக்கல் பூசிய துப்பாக்கி ஒன்று வேண்டும், விசை இலகுவாக இருக்கட்டும், முன்குறியைச் சற்று உயரமாகவும் தடிப்பாகவும் வையுங்கள், குழல் கூடு தள்ளும் கோலின் நீளமே இருந்தால் போதும் என்று, தையற்காரனுக்குச் சட்டை அளவு சொல்வதுபோல் அவர் சொல்லியிருக்கிறார். அதே மாஸ்டர்சன், பிற்காலத்தில் நியூயார்க்கில் பத்திரிகையாளராக இருந்தபோது, ஞாபகார்த்தமாக ஒரு துப்பாக்கி கேட்டு நச்சரித்தவரிடம், அடகுக்கடையில் வாங்கிய ஒன்றின் பிடியில் வரிசையாக வெட்டுக்குறி இட்டுக் கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அவரைப்போலவே சட்டம் காத்துப் பேர்பெற்ற வயாட் இயர்ப் கையில் பன்னிரண்டு அங்குலக் குழலுள்ள விசேஷத் துப்பாக்கி இருந்தது என்று 1931-இல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிவைத்தது. பேரேட்டில் அதற்குச் சான்று அகப்படவேயில்லை.

உண்மை எவ்வளவு விலை பெறும் என்பதற்கு ஒரே ஒரு துப்பாக்கியின் சரித்திரத்தைச் சொல்கிறேன். 1880-ஆம் ஆண்டின் கடைசியில் ஷெரிஃப் பேட் காரெட், ‘பில்லி த கிட்’ என்று பேர்போன குற்றவாளி இளைஞனின் கூட்டாளிகளுள் ஒருவனைப் பிடித்தபோது, அவனிடமிருந்த கோல்ட் ரிவால்வரைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார். 1881 ஜூலை 14 இரவு, நியூமெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில், இருட்டறையில் பில்லியை அவர் சுட்டது அதைக்கொண்டுதான். பிறகு அது எல்பாஸோ நகரத்தில் ஒரு சாராயக்கடையில் காட்சிப்பொருளாக மாட்டியிருந்தது. 1908-இல் காரெட் கொல்லப்பட்டார். பல வருஷம் கழித்து, கடைக்காரரும் இறந்தபின், அது இரவலாகக் கொடுத்ததே தவிர விற்றதல்ல என்று காரெட்டின் மனைவி அபோலினாரியா வழக்காடி அதை மீட்டார். அந்த வழக்கின் காகிதங்கள்தாம் பின்னாளில் அதன் ஜாதகமாயின. 2021 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஏலத்தில், பூவேலை ஒன்றுமில்லாத, நிறம் மங்கிய அந்தத் துப்பாக்கி 60 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அது பிறந்தபோது அந்த ரகத்தின் கடைவிலை சுமார் 17 டாலர்.

எனினும் விலையைச் சொல்லி வாசகரை மயக்குவது என் நோக்கமல்ல. அறுபது லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது ஓர் இளைஞனின் மரணத்தைத்தான் என்பதை நான் மறக்கவில்லை. பெரியவரிடம் தயக்கத்தோடு அதைக் கேட்டேன். “இவற்றை வைத்திருப்பது உங்களுக்கு உறுத்தவில்லையா?” அவர் உடனே பதில் சொல்லவில்லை. மங்கிய துப்பாக்கியின் பிடியில் தேய்ந்திருந்த இடத்தைக் கையுறை அணிந்த விரலால் தொட்டார். “இந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியாது. மாடு மேய்த்தவனாகவும் இருக்கலாம், மனிதனைச் சுட்டவனாகவும் இருக்கலாம். நான் இதைத் தேய்த்து மினுக்கினால், அவன் இரண்டில் எதுவாகவும் இல்லாமல் போய்விடுவான்” என்றார். சரித்திரத்தை மெருகேற்றிக் காட்டும் எந்த மேடைப் பேச்சையும்விட, இந்தப் பதிலில் நேர்மை இருந்ததாக எனக்குப் பட்டது.

பராமரிப்பைப் பற்றி அவர் சொன்னவை சொற்பம், ஆனால் கண்டிப்பானவை. துப்பாக்கியை அதன் தோல் உறையில் ஒருபோதும் வைத்துவிடக் கூடாது; தோலைப் பதப்படுத்திய அமிலமும் அது இழுக்கும் ஈரமும் இரும்பை அரித்துவிடும். வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு மறுவாரமே ரேகையோடு துருவாக முளைக்கும். மெல்லிய எண்ணெய் தோய்த்த பருத்தித் துணியும், அருங்காட்சியகங்களில் பயன்படும் நுண்மெழுகும் போதும்; எஃகு நாரும் மெருகுப் பசையும் வீட்டிலேயே இருக்கக்கூடாது. கருமருந்துக் காலத்துத் துப்பாக்கியில் புகையில்லா மருந்தடைத்த இன்றைய தோட்டாவை இட்டுச் சுடுவது, துப்பாக்கிக்கும் ஆபத்து, கைக்கும் ஆபத்து. 1900-த்தை ஒட்டித்தான் கம்பெனியே புகையில்லா மருந்துக்கு உத்தரவாதம் கொடுத்தது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1898-க்குள் செய்யப்பட்ட துப்பாக்கி புராதனப் பொருள், அதற்கு அடுத்த வருஷத்தில் செய்தது ஆயுதம். அதனால் வரிசை எண்ணில் சில ஆயிரம் வித்தியாசம், சட்டத்தின் கண்ணில் பெரிய வித்தியாசமாகிவிடுகிறது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பழுதுபார்த்தாலும் சுடவே இயலாத நிலையில் உள்ள பழம்பொருளுக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. ஆகவே பழைய ஜமீன் வீட்டுப் பரணிலோ பாட்டனார் பெட்டியிலோ இத்தகைய ஒன்று அகப்பட்டால், பழசுதானே என்று வைத்துக்கொள்ளாமல், விசையைச் சோதித்துப் பார்க்காமல், துருவைச் சுரண்டாமல், அப்படியே வைத்துவிட்டுப் போலீஸுக்குத் தெரிவிப்பதே முறை.

விடைபெறும்போது, பளபளத்த அந்தத் துப்பாக்கியை ஏன் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். புதிதாகச் சேகரிக்க வரும் பையன்களுக்குக் காட்டுவதற்காக என்றார்.

சாமுவேல் கோல்ட்டின் மனைவி எலிசபெத் 1905-இல் காலமானபோது, கணவர் சேர்த்துவைத்த ஆயுதங்களை ஹார்ட்ஃபோர்டிலுள்ள வாட்ஸ்வொர்த் அத்தீனியம் என்ற அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தார். தங்கம் பதித்த துப்பாக்கிகளும் யானைத்தந்தப் பிடிகளும் உள்ள அந்தச் சேகரத்தில், கல்கத்தாக் கப்பலில் பதினாறு வயதுப் பையன் செதுக்கிய மரத்துண்டுகளும் இருக்கின்றன. உத்தியோக நிமித்தமாக அந்த ஊரில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று பல. குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவற்றைத் தேடிப் பாருங்கள்; கத்தி பட்ட தடம் இன்னும் அந்த மரத்தில் அப்படியே இருக்கிறது.